திரும்பி வராத தண்ணீர்

அண்ணாச்சி,

இன்று காலை வாஷியில் ரயிலை விட்டு இறங்கியதும் அந்த வாடை வந்தது. நனைந்த கல்தூளும் டீசல் புகையும் கலந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே புதுக் கட்டடத்துக்காகப் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது தெரிந்தும் தகரத் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்து நின்றேன். மெஷினை ஓட்டியவர் பாட்டுக் கேட்கக் காதில் இயர்போன் மாட்டியிருந்தார். நீங்களாக இருந்தால் அதைப் பிடுங்கி எறிந்திருப்பீர்கள். துளைக்கிற சத்தத்தைக் கேட்காதவன் என்ன டிரில்லர் என்று நாலு தெருவுக்குக் கேட்கத் திட்டியிருப்பீர்கள்.

மாட்டுங்காவில் பிறந்து நிலவியல் படித்த நானும், நாங்குநேரிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்து டிரில்லரான நீங்களும் பதினோரு வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தோம். நீங்கள் துளைப்பீர்கள். உள்ளிருந்து வரும் கல்லைப் பெட்டியில் அடுக்கி நான் குறிப்பெழுதுவேன். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. ஆனாலும் நான் உங்களை அண்ணாச்சி என்றேன், நீங்கள் என்னைச் சார்வாள் என்றீர்கள். அந்த 'வாள்' கேலி என்று எனக்கு உறைக்கவே ஒரு வருஷம் ஆயிற்று.

பம்பாயின் கருங்கல்லெல்லாம் ஒரு காலத்தில் பூமிக்குள்ளிருந்து கொதித்து வழிந்த குழம்பு, நம் தேசம் உட்கார்ந்திருக்கிற நிலத்தட்டே தெற்கே கிடந்து வடக்கே நகர்ந்து வந்தது, இன்னமும் நகர்கிறது என்று ஒரு மத்தியானம் வடா பாவ் தின்றபடி சொன்னேன்.

"அடப் பாவி! பொழைக்க வந்தது நாமதான்னுல்லா நெனச்சேன். இந்த ஊரே தெக்கத்தி ஊருதானா? இனி எவனாவது மதராசின்னு சொல்லட்டும், பேசிக்கிடுதேன்" என்றீர்கள். சிரித்த சிரிப்பில் சட்டையெல்லாம் சட்னி.

செம்பூர் குன்றுச் சரிவில்தான் நமக்குள் சண்டை வந்தது. மழைக்காலத்தை அந்தச் சரிவு தாங்குமா என்று நாம் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் ஒன்பது கோலி வீடுகள், முக்கால்வாசி நம் ஜனம். ஒற்றை அறைதான் ஒவ்வொரு வீடும். மூன்றாவது துளை பன்னிரண்டு அடி போனதும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"சார்வாள், தண்ணி திரும்பல."

துளைக்கும்போது குழாய் வழியே உள்ளே விடுகிற தண்ணீர், கல்தூளோடு கலங்கி மேலே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே எங்கோ வெடிப்பு, தண்ணீர் அதில் ஓடிவிடுகிறது. நான் கல்லைப் பார்த்தேன். முழுக் கருங்கல். நடுவில் மட்டும் விரல் கனத்துக்கு ஒரு செம்மண் பட்டை.

"கல்லு நன்னாத்தானே இருக்கு. பம்பைப் பாருங்கோ."

"பம்புக்கு ஒரு கேடும் இல்ல. க்ரீம் பிஸ்கட்டு நனைஞ்சா என்ன ஆவும்? மேல உள்ளது வழுக்கிட்டு வந்துராதா? இன்னும் ரெண்டு துளை போடணும்னு எழுதுங்க."

நான் எழுதியது வேறு. பம்ப் கோளாறு, பாறை உறுதி. படித்துக் காட்டியதும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து போனீர்கள்.

மறுநாள் ஞாயிறு. மச்சினி கல்யாணத்துக்காக நான் பாலக்காட்டு ரயிலில் இருந்தேன். நீங்கள் அந்த ஒன்பது கதவையும் தட்டியிருக்கிறீர்கள். மழை வலுத்தால் முனிசிபல் ஸ்கூலுக்குப் போய்விடச் சொல்லியிருக்கிறீர்கள். ஓர் அம்மா சண்டைக்கே வந்தாராம்.

"இருவது வருசமா இருக்கோம். மலை எங்கய்யா போவப்போவுது?"

"மலை எங்கயும் போவாது தாயீ. உன் வீட்டுக்குத்தான் வரும்."

ஜனங்களைப் பயங்காட்டுகிறார் என்று புகார் வந்தது. கம்பெனி மீட்டிங் போட்டு உங்களை வேலையை விட்டு நிறுத்தியது. அந்த மீட்டிங்கில் நானும் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஜூலையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலை சரிவு இறங்கிற்று, அதே செம்மண் பட்டையில் வழுக்கி. அரிசி, பீரோ, ரேஷன் கார்டு எல்லாம் மண்ணுக்குள். ஆனால் உள்ளே ஆள் யாரும் இல்லை. முந்தின நாளே எல்லோரும் ஸ்கூலுக்குப் போயிருந்தார்கள். உங்களோடு சண்டை போட்ட அம்மாதான் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போனாராம்.

அன்று சாயங்காலம் முழங்கால் தண்ணீரில் நடந்து தாராவிக்கு வந்தேன். "தப்பா எழுதிட்டேன் அண்ணாச்சி" என்று உங்கள் வாசலிலேயே அழுதேன். மதினி டீ போடப் போனார். நீங்கள் துண்டை எடுத்து என் தலையில் போட்டீர்கள். அன்றைக்கு உங்கள் வாயில் 'சார்வாள்' வரவில்லை.

"தலையத் துவட்டும்வே மொதல்ல. பம்புன்னு நெனச்சீரு, எழுதுனீரு. தெரியாமத்தானே? தெரிஞ்சா எந்த மனுசனாவது அப்படி எழுதுவானா?"

நான் தலையாட்டினேன்.

கம்பெனி உங்களைத் திரும்பக் கூப்பிட்டது. மேலும் ஆறு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம், ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். போன புரட்டாசியில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுகூட எனக்குத் துணிவு வரவில்லை. இப்போதெல்லாம் தண்ணீர் திரும்பியதா என்பதைத்தான் முதலில் எழுதுகிறேன். ரொம்ப ஜாக்கிரதையான ஆள் என்று ஆபீசில் பேர் வாங்கிவிட்டேன். கேட்கவே கூசுகிறது.

அன்று செம்பூரில் நீங்கள் மெஷின் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் நான் போய்ப் பம்பைப் பார்த்தேன், அண்ணாச்சி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு துளை என்றால் ரெண்டு நாள் ஆகும். என் பையில் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் இருந்தது. தெரிந்துதான் எழுதினேன்.