ஆள் தொங்கினாலும் விழாத ஸ்கிரீன் கம்பி

அன்புள்ள மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். போன வருஷம் நீ பார்சலில் அனுப்பினாயே ஸ்பிரிங் வைத்த ஸ்கிரீன் கம்பி, ஆணி வேண்டாம், சுவரில் துளை வேண்டாம், ஜன்னலின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் நிற்கும் என்று பெட்டிமேல் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்பாளே, அதைப் பிரித்த அன்றைக்கே நான் சொன்னேன், இது துணியைத் தாங்கும், ஆளைத் தாங்காது என்று. இதை உன் அம்மாவிடம் ஞாபகப்படுத்தினால், "நீங்களா சொன்னீங்க? ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினது யாரு தம்பி? கோட்டைக் கதவு மாதிரி நிக்குதுன்னு தட்டித் தட்டிக் காட்டினது யாரு?" என்று கேட்கிறார். அண்ணிக்கு எல்லா விஷயத்திலும் ஞாபகம் கெட்டி, என் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிசகும்.

ஸ்கிரீன் கம்பி எதற்கு ஆளைத் தாங்க வேண்டும் என்று நீ கேட்பாய். போனில் உன்னிடம் அம்மா விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் சொன்னோம், எப்படி விழுந்தார் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அண்ணிக்கு இடது முழங்கால் ஒரு வருஷமாகவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கைக்கம்பு வாங்கித் தருகிறேன் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "கம்பு பிடிச்சுக்கிட்டு நடந்தா, துணி குடுக்க வர்றவங்க இவளுக்குக் கண்ணும் போயிருக்கும்னு நெனைப்பாங்க, தையல் கோணலா வரும்னு வேற கடைக்குப் போயிடுவாங்க" என்று ஒரே போடு. அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா, திரை. தையல் மெஷினை விட்டு எழும்போது பக்கத்து ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு எழுவார். பிறகு அடுத்த ஜன்னல் திரை, அதற்கடுத்தது, இப்படிக் கூட்டமான பஸ்ஸில் வாரைப் பிடித்துக்கொண்டு போகிறவர் மாதிரி ஐந்து ஜன்னல்களைப் பிடித்தே வீடு முழுக்கப் போய்வந்துவிடுவார். இது யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், நான் வெளியே சொல்லவில்லை. விழுந்த அன்றைக்குத் தைத்து முடித்த பள்ளிக்கூடச் சீருடையைக் கொடுக்க எழுந்து திரையைப் பிடித்திருக்கிறார், ஸ்பிரிங் கம்பி பிடியை விட்டுவிட்டது, கம்பி, திரை, அண்ணி, சீருடை நாலும் ஒன்றாகத் தரைக்கு வந்துவிட்டன. மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று, அதுவும் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. இதில் உன் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கம்பி அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது, நாம்தான் அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டோம்.

அன்று ராத்திரி நீ போனில் அழுதுகொண்டே சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "அடுத்த மாசம் வரேன் சித்தப்பா, வீட்டைப் பூட்டிடலாம், அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன், இன்னொரு தடவை விழுந்தாங்கன்னு கேட்க என்னால முடியாது" என்றாய். பெற்ற அம்மாவைப் பற்றிப் பிள்ளை பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணியும் மறுபேச்சுப் பேசவில்லை, "அவ சொன்னா சரிதான்" என்று போனை வைத்தார். ஆனால் மறுநாள் காலையில் நான் போனபோது, பிளவுஸ் தைக்கத் துணி கொண்டுவந்த பக்கத்து வீட்டு நர்ஸிடம், இனிமேல் புதுத் துணி வாங்குறதில்லைம்மா என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்பிவிட்டு மெஷினுக்கு உறையை இழுத்து மாட்டினார். இருபத்தெட்டு வருஷத்தில் பகல் பத்து மணிக்கு அந்த மெஷின் உறைக்குள் இருந்து நான் பார்த்ததில்லை. உன் அப்பா, என் அண்ணன், காலமான மூன்றாவது வாரமே அந்த மெஷினை மிதித்துத்தான் உன்னைப் படிக்க வைத்தார். அங்கேயே தீர்மானம் பண்ணிவிட்டேன், நீ வந்து இறங்குவதற்குள் ஐந்து ஜன்னலிலும் ஆள் தொங்கினாலும் அசையாத கம்பி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் என் சைக்கிள் கடை பலகையை நானே கழற்றி அடுப்பில் வைக்கிறேன் என்று உன் சித்தியிடம் சொன்னேன். "பலகை தகரம், எரியாது" என்றாள் அவள். உற்சாகம் கொடுப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

உனக்கே தெரியும், உன் அப்பா அந்த வீட்டைக் கையில் கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொரு அறையாகக் கட்டினார், ஒவ்வொரு அறைக்கும் ஒரு கொத்தனார், ஒவ்வொரு கொத்தனாருக்கும் ஒரு மனநிலை. ஐந்து ஜன்னலில் இரண்டுகூட ஒரே அகலம் கிடையாது. அதனால் நீட்டவும் சுருக்கவும் வசதியான கம்பிதான் வேண்டும் என்று நான் ஒரு நொடியில் கண்டுகொண்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று சிலர் சொல்வார்கள், பள்ளிக்கூடம்தான் எட்டாம் வகுப்போடு நின்றது, நான் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன். சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்க என்ன செய்கிறோம், பெரிய பைப்புக்குள் சின்ன பைப், வேண்டிய உயரத்தில் நிறுத்திக் கவ்வியைப் போட்டு இறுக்குகிறோம். அதையே படுக்கவைத்தால் ஸ்கிரீன் கம்பி. ஒரு ஜன்னலுக்குச் செய்து, இரண்டு முனைக்கும் தாங்கி வைத்து மாட்டி, எல்லாரும் பார்க்க இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். இறுக்கிய இடம் வழுக்கி, சின்ன பைப் பெரிய பைப்புக்குள் நழுவி, கம்பி குட்டையாகி, தாங்கியை விட்டு வெளியே வந்துவிட்டது. நான் விழுந்தேன் என்று தெருவில் பேசிக்கொண்டால் நம்பாதே, நான் இறங்கினேன். "இறங்குற மனுஷன் முதுகால இறங்குவாரா?" என்று கேட்டாள் உன் சித்தி.

ஆக, இறுக்கினால் போதாது, குறுக்கே துளை போட்டு இரண்டு பைப்பையும் சேர்த்து ஒரு போல்ட்டை நுழைத்துவிட வேண்டும், அப்போது ஆனை இழுத்தாலும் நழுவாது. ஐந்து ஜன்னலுக்கும் பைப் வாங்கினேன். சின்ன பைப்பில் நான் என் கடையிலேயே வரிசையாகத் துளை போட்டேன், பழுதானால் இருக்கட்டும் என்று ஒன்று கூடுதலாகவும் போட்டுவைத்தேன். பெரிய பைப் தடிமன், என் டிரில்லுக்கு அடங்கவில்லை, அதனால் வெல்டிங் பட்டறைக்காரரிடம் கொடுத்தேன். நெருப்போடு வேலை செய்கிற அந்த மனுஷனுக்கு ஐஸ் என்று பட்டப்பெயர், எதற்கும் பதறமாட்டார். எத்தனை இடைவெளி என்று கேட்டார், இரண்டு விரல் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் டேப் பிடித்து வேலை செய்கிற ஆள் இல்லை, கையே அளவு. நான் என் இரண்டு விரலை வைத்துப் போட்டேன், அவர் அவருடைய இரண்டு விரலை வைத்துப் போட்டார். அவர் விரல் ஒவ்வொன்றும் சம்மட்டி பிடித்துப் பிடித்து உரல் குழவி மாதிரி இருக்கும் என்பது எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. கோர்த்துப் பார்த்தால் முதல் துளையில் போல்ட் போகிறது, இரண்டாவதில் கொஞ்சம் விலகியிருக்கிறது, மூன்றாவதில் இன்னும் அதிகம். பதினோரு சின்ன பைப்பும் பெரிய பைப்பும் வீணாகிவிட்டன என்று தெரு முழுக்கப் பேச்சு. சரி, பதினொன்று இல்லை, ஆறு சின்னது, ஐந்து பெரியது, கூட்டினால் பதினொன்று வருகிறதா இல்லையா. "உங்க விரல்தான் சின்னது" என்றார் ஐஸ், அவ்வளவுதான், டீ குடிக்கப் போய்விட்டார்.

நீ வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வேறு யாராவது என்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் உட்காரவில்லை. ஒரு ஜோடி பைப்பை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே வெளியே இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டு வரிசையும் ஒரே இடைவெளியாக இருந்திருந்தால், கம்பியை இரண்டு விரல் இரண்டு விரலாகத்தான் நீட்ட முடியும், நடுவில் ஒரு அளவு வந்தால் போல்ட்டுக்கு வழி இருக்காது. இப்போதோ ஒரு ஜோடித் துளை விலகினால் அடுத்த ஜோடி நேருக்கு நேர் வருகிறது, அது விலகினால் அதற்கடுத்தது. எந்த ஜன்னலுக்கு எந்த அளவில் நிறுத்தினாலும் எங்கேயோ ஓரிடத்தில் ஒரு துளை இன்னொரு துளையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அங்கே போல்ட்டை விட்டு நட்டை முடுக்க வேண்டியதுதான். வேண்டுமென்றே இரண்டு விதமாகப் போட வைத்தேன் என்று ஐஸிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்று தலையாட்டினார். ஒரு பைப் இன்னொன்றுக்குள் ஒரு சாணாவது நுழைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தொங்கும் என்பதையும், உள்ளே கடகடவென்று ஆடாமல் இருக்க முனையில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்ற வேண்டும் என்பதையும் கண்டுபிடித்தது நானேதான், இதற்குச் சாட்சி இருக்கிறது. சுவரில் பூச்சு மாவாக உதிர்கிறது என்பதால் தாங்கிகளை அதில் அடிக்காமல், ஜன்னலுக்கு மேலே போகிற கான்கிரீட் லிண்டலில் துளை போட்டு நீள ஸ்க்ரூவாகப் போட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சோதனை. வீட்டில் நூறு பேர் கூடிவிட்டார்கள், உன் சித்தியும் நர்ஸும் ஐஸும் தபால்காரரும் உட்பட. நான் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன், ஐஸ் நூறு வரைக்கும் எண்ணினார். சரி, முப்பது வரைக்கும்தான், ஆனால் அவர் பதறாமல் எண்ணுகிற வேகத்துக்கு முப்பதே நூறுக்குச் சமம். கம்பி முனகக்கூட இல்லை, முனகியது நான். அதற்குப் பிறகு அண்ணி மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, பழையபடி திரையைப் பிடித்து எழுந்தார். திரை வளையங்கள் மட்டும் லேசாகக் கிணுகிணுத்தன. ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, ஐந்தையும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். நர்ஸ்தான், "அப்ப என் பிளவுஸ் துணியைக் கொண்டாரவா அக்கா?" என்று கேட்டாள். அண்ணி மெஷின் உறையைக் கழற்றி நாலாக மடித்து இழுப்பறையில் வைத்தார்.

அதனால் மகளே, நீ கட்டாயம் வா, பார்த்துவிட்டுப் போ, ஒவ்வொரு கம்பியையும் நீயே தொங்கிப் பார். ஆனால் திரும்பிப் போக அம்மாவுக்கு டிக்கெட் போடாதே. நீ வந்து பார்த்தபின்னும் பயமாக இருந்தால் அப்போது பேசிக்கொள்வோம், நான் சண்டை போடமாட்டேன். மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். குழந்தைக்கு இருமல் என்று சொன்னாயே, தலையை ஈரத்தோடு விடாதே. நீயும் வேலை வேலை என்று சாப்பாட்டு நேரத்தை விட்டுவிடாதே. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நிறைந்து வாழ வேண்டும், உன் அப்பா இருந்து சொல்ல வேண்டியதை அவர் இடத்தில் நின்று நான் சொல்கிறேன்.

இத்தோடு கையெழுத்துப் போட்டு ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாகக் கடிதம் மேஜைமேலேயே கிடக்கிறது, ஒட்ட மனம் வரவில்லை. மேலே எழுதியதில் ஒன்று மட்டும் நானாகக் கட்டியது. அந்தத் துளை விஷயத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை. நான் பழைய இரும்புக்காரனை வரச்சொல்லி, பைப்பையெல்லாம் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். உன் அம்மாதான், "தம்பி, அதுல ஒரு ஜோடியை இங்க குடுங்க" என்று வாங்கி, உள்ளே வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் வீணாகலையே, பாவாடை இடுப்புல ஹூக்கு ஒரு கணக்கிலயும் வளையம் ஒரு கணக்கிலயும் வச்சா எந்த இடுப்புக்கும் சேரும், அது மாதிரிதான் இது" என்றார். பிறகு தன் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து, ஐந்து ஜன்னலையும் தானே அளந்து, எந்தத் துளைக்கு எந்தத் துளை என்று சாக்பீஸால் குறித்துக்கொடுத்தார். "நான் செஞ்சேன்னு எழுதாதீங்க, இந்தக் காலோட எதுக்கு நின்னேன்னு அவ திட்டுவா" என்று சொன்னதால்தான் என் பெயரைப் போட்டேன், போடவும் பிடித்திருந்தது. அன்றைக்கு வீட்டில் ஒரு திரையும் கிடையாது, எல்லாவற்றையும் நான் கழற்றிப் போட்டிருந்தேன். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் எப்படி ஐந்து ஜன்னலுக்கும் போனார் என்று நான் பார்த்தேன். கூடுதலாகச் செய்த அந்த ஆறாவது சின்ன பைப்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு போனார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன பாக்குறீங்க? அளவு வச்சுப் பாக்கத்தான் கையில வச்சிருக்கேன்" என்றார். அது இன்னும் மெஷின் பக்கத்தில்தான் சாய்ந்து நிற்கிறது, கடைக்குப் போகும்போதும் கையோடு போகிறது. தரையில் வழுக்காமல் இருக்க அதன் அடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன், எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ வரும்போது அதைக் கைக்கம்பு என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா