ஓய்வுநாளை ஆசரித்த டிரையர்

நவம்பர் 3, 1997, திங்கள்

வாப்பா, இப்படி உட்கார். சௌக்கியந்தானே? ஆட்டு மருந்து விற்கிறவன் இலவசமாகக் கொடுத்த டைரி நீ. நவம்பர் வரை உன்னைத் திறக்கவே இல்லை, கோபித்துக்கொள்ளாதே. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் ஆட்டு வியாதியின் பெயர் அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்குக் குளம்பழுகல். நம் வீட்டு வியாதி அது இல்லை. நம் வீட்டில் துணி காயவைக்கிற டிரையர் கெட்டுவிட்டது.

நேற்றுக் காலை மர்டோ அண்ணனின் விரிப்பை மாற்றி, அலசிப் பிழிந்து உள்ளே போட்டோம். உருளை நன்றாகத்தான் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் சூடு நின்றுவிட்டது. பிறகு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, சபைக் கூட்டத்தில் பேச ஒன்றுமில்லாதவன் எழுந்து நின்ற மாதிரி.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இது இரண்டாவது குளிர்காலம். ஒரு கை, ஒரு கால், பாதி வாய், அப்புறம் சிறுநீர், இவை அவன் சொல் கேட்பதில்லை. வீட்டில் அவன், கர்ஸ்டி அக்கா, நான். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மர்டோவுக்கு ஆகியிருக்கும். பெண்ணின் அப்பா பேச வந்த படகிலேயே எங்கள் ஆட்டுக்கடாவும் வந்து இறங்கியது, அதுதான் வினை. அந்தக் கதை அப்புறம்.

இன்று டிரையரின் முதுகைத் திறந்தேன். உள்ளே பஞ்சு, ஒரு சட்டைப் பொத்தான், செத்த விட்டில் பூச்சி ஒன்று. எடுத்துப் போட்டுவிட்டு மூடினேன். பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதிகம் சூடானால் அது துள்ளி எழுந்து சூட்டை நிறுத்திவிடும். அமுக்கினேன். அதே விரிப்பு அப்பம்போலக் காய்ந்தது.

நாற்பது வருடம் தறி நெய்தவன் நான். தறி இருமினால் எந்த நரம்பு என்று சொல்வேன். டிரையரும் சுற்றுகிற சாமான்தானே. விட்டில் பூச்சிதான் காரணம்.

நவம்பர் 5, புதன்

மழை. டிரையர் ஓடுகிறது.

நவம்பர் 8, சனி

நாளைக்கு வேண்டியதெல்லாம் அக்கா இன்றே முடித்துவிட்டாள். உருளைக்கிழங்கு சீவித் தண்ணீரில் போட்டாள். ஆட்டிறைச்சி சூப் வைத்தாள். அடுப்பில் எரிக்கச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை உள்ளே அடுக்கச் சொன்னாள், அடுக்கினேன். இருட்டியதும் போன சனிக்கிழமைபோலவே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். குளிர் தொடங்கியதிலிருந்து இந்தச் சுற்று வைத்திருக்கிறாள். வயதானால் ஆளுக்கு ஒரு பழக்கம்.

நவம்பர் 9, ஞாயிறு

மறுபடியும் சூடு நின்றுவிட்டது. சமையலறைக் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிகிறது. குப்பியில் உப்பு கட்டிதட்டிவிட்டது. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன், வந்தது, போயிற்று. இன்னொரு தரம் அமுக்கினேன், வந்தது, போயிற்று. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"டேய் டோர்மட், இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு. அண்ணன் நனைஞ்சு கிடக்கான்."

"துணி காயவைக்கறது இரக்கம். அது தகும். ஸ்க்ரூ டிரைவர் இரக்கமா?"

இதற்கு வேதத்தில் பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை. எங்கள் தீவில் ஓய்வுநாளில் கொடியில் ஒரு கைக்குட்டை தொங்கினாலும் அடுத்த ஊர்வரை பேசுவார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், நோயாளிக்குத் துணி மாற்றலாம். தேவைக்கும் இரக்கத்துக்கும் செய்கிற வேலைக்குத் தடை கிடையாது, பாதிரியாரே சொல்லியிருக்கிறார். அக்கா அதை ஒப்புக்கொண்டவள்தான். ஆனால் டிரையர் ஓடும்போது சமையலறைத் திரையை இழுத்து விட்டுவிட்டுத்தான் ஓட்டுவாள்.

விரிப்புகளை அடுப்பைச் சுற்றி நாற்காலிகளில் போட்டோம். ஈரம் போகவில்லை, கரிமண் வாசம்தான் ஏறியது. மாலைக்குள் அலமாரியில் விரிப்பு தீர்ந்துவிட்டது. கடைசியில் பாதி காய்ந்ததைத்தான் போட்டோம். அண்ணன் திட்டவில்லை. அவன் திட்டாமல் இருந்தால் நல்லதில்லை.

நவம்பர் 10, திங்கள்

காலையில் போட்டேன். ஓடுகிறது, சனியனே ஓடுகிறது.

நர்ஸ் கட்ரீனா வந்தாள். அண்ணனைப் புரட்டிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து ஓரிடத்தில் உரிந்திருக்கிறது. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கதவை மூடவில்லை. மூடியிருக்கலாம்.

"மறைச்சுப் பேசல, ஐயா. ஈர விரிப்புல ஒரு நாள் கிடந்தாலும் இந்தத் தோல் தாங்காது. அடுத்த திங்கக்கிழமை வருவேன். பெருசாகியிருந்தா டவுன் முதியோர் இல்லத்துக்கு எழுதித்தான் ஆகணும். அங்க ஒரு கட்டில் காலியா இருக்கு."

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது: "எப்படிக் காலியாச்சுன்னு கேளு."

அவள் போனபிறகு அவனிடம் போய் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாரம் பூரா ஓடுது. ஞாயித்துக்கிழமை மட்டும் நிக்குது. சின்னவனே, இந்த வீட்டுல இரட்சிக்கப்பட்டது அது ஒண்ணுதான்."

"சிரிக்காத அண்ணே."

"பாதி வாய்தான் சிரிக்குது." சுவரிலிருந்து என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அத சரி பண்ணிடு," என்றான்.

என்னிடம் அவன் எதையும் கேட்டதில்லை. படகைத் தள்ளு என்பான், வாயை மூடு என்பான், அது கட்டளை. கேட்டதில்லை. அவன அங்க கொண்டுபோய் விட்டுட்டு வந்து நானும் அக்காவும் என்ன பேசிக்குவோம்? என்னைய யாரு திட்டுவா?

நவம்பர் 11, செவ்வாய்

வியாதி இருக்கிற நாளில் வைத்தியன் தொடக் கூடாது. வைத்தியன் தொடுகிற நாளில் வியாதி இல்லை. இப்படி ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை. எங்கள் மாமாவின் குதிரை ஒன்று இருந்தது, அது சந்தைக்குப் போகிற நாளில் மட்டும் நொண்டும். மாமா அதைச் சந்தை இல்லாத நாளில் நல்ல குதிரை என்று ஒருவனிடம் விற்றார். அவன் சந்தைக்கே போகாதவன், அதனால் இருவருக்கும் லாபம்.

வெளியே காற்றுப் போகிற வழியைப் பார்த்தாயா என்று நீ கேட்கலாம். பார்த்தேன். டிரையரின் குழாய் சமையலறைச் சுவரைத் துளைத்துச் சாலைப் பக்கம் வெளியே வருகிறது. இன்று போய் அதன் வாயில் கை வைத்துப் பார்த்தேன். சூடான ஆவி குளிர்காற்றில் வெள்ளைப் புகையாக ஜம்மென்று வந்துகொண்டிருந்தது. அங்கே ஒன்றுமில்லை. உருளையைச் சுற்றவைக்கிற பட்டையையும் பார்த்தாயிற்று, இறுக்கமாக இருக்கிறது. மிச்சம் இருப்பது சூட்டை அளந்து நிறுத்துகிற தெர்மோஸ்டாட். கடைக்காரனுக்குப் போன் செய்தேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் கெடுதா? என்ன ஐயா சொல்றீங்க?"

"நீங்க சாமானை அனுப்புங்க."

நவம்பர் 14, வெள்ளி

பஸ் டிரைவர் தெர்மோஸ்டாட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். மாட்டினேன். இன்றைக்கு எல்லாம் காய்ந்தது. நாளைக்கும் காயும், அது எனக்குத் தெரியும். அண்ணன் புண் அப்படியே இருக்கிறது, ஆறவுமில்லை, பெருகவுமில்லை. இன்றைய ஆட்டு வியாதி: கண் சிவப்பு.

நவம்பர் 15, சனி

உருளைக்கிழங்கு. சூப். கரிமண். அக்காவின் சுற்று. திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு, "நாளைக்கு ஓடிடும் தம்பி, நான் ஜெபம் பண்ணியிருக்கேன்," என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

ஓடவில்லை.

புது தெர்மோஸ்டாட், அதே சமாச்சாரம். கண்ணாடி வியர்த்தது, சூடு போயிற்று. அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இது நமக்குச் சொல்ற சேதிடா. கூடாதுங்குது," என்றாள். அப்படியானால் அண்ணன் போகத்தான் வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளே அவன் நனைந்து கிடந்தான், அவனும் சொல்லவில்லை.

காலை ஆராதனை விட்டு ஜனங்கள் சாலையில் வரத் தொடங்கியபோது கதவைத் தட்டும் சத்தம். எதிர்வீட்டு எஃபி. புருஷன் போனபின் தனியாக இருக்கிறவள். ஓய்வுநாளில் நோயாளியைத் தவிர வேறு யாரையும் பார்க்க ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக மாட்டோம். கருப்புக் கோட்டு, கருப்புத் தொப்பி, கோட்டுக்குள் துணியில் சுற்றிய ரொட்டி. கண் சிவந்திருந்தது.

"கர்ஸ்டி, எப்பத்துல இருந்து?" என்றாள்.

"எது எப்பத்துல இருந்து?"

"மர்டோ."

"அவனுக்கு என்ன?"

உள்ளேயிருந்து, "யாருடி அது? எஃபியா? ரொட்டி வாசம் வருது," என்றான் அண்ணன்.

எஃபி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கோபம் வந்தது.

"அப்ப ஏன்டி புகை வரல? மூணு ஞாயிறாப் பாக்கறேன், உங்க சுவத்துல புகையக் காணோம். வார நாள்ல எந்தத் துணியும் காயும், ஞாயித்துக்கிழமை அவரு படுக்கை மட்டுந்தானே. போன வாரமே கேக்கலாம்னு பாத்தேன், கேக்கறதுக்குப் பயம். ஆளு போயிட்டாரு, நீங்க ரெண்டு பேரும் வெளிய சொல்லாம உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சேன். உங்க குடும்பம் அப்படித்தானே."

அக்கா கையிலிருந்த தேநீர்ப் பானையைக் கீழே வைத்தாள்.

"புகைய நீ பாப்பியா?"

"நான் மட்டுமா? ஆராதனை முடிஞ்சு வர்ற எல்லாரும் பாப்போம். 'மர்டோவுக்குப் படுக்கை காயுது'ன்னு சொல்லிக்கிட்டு நடப்போம். பாதிரியார் சம்சாரம் கூட."

அக்கா எழுந்தாள். தொப்பி போடவில்லை, கோட்டுப் போடவில்லை. ஓய்வுநாளில் தலையில் ஒன்றுமில்லாமல் அவள் வாசலைத் தாண்டி நான் கண்டதே கிடையாது. சாலையில் பாதி ஊர் நடந்துகொண்டிருந்தது. சுவர்ப் பக்கம் போனாள், முழங்காலிட்டாள், குழாயின் வாயில் கையை விட்டு இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. மர்டோ மீன் பிடிக்கப் போன காலத்தில் போட்டுக்கொண்ட கனத்த நீலக் கம்பளிச் சட்டை. கடைசியில் சட்டையின் ஒரு கை மாட்டிக்கொண்டது, சுவரில் காலை ஊன்றி இழுத்தாள்.

உள்ளே வந்து அதை மேசைமேல் வைத்தாள். நனைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை ராத்திரி வைப்பேன். திங்கக்கிழமை விடியறதுக்குள்ள எடுத்துருவேன். குளிர் வந்தா புகை வெளிய தெரியுதேன்னு." பிறகு என்னைப் பார்த்தாள். "காத்து வேற வழியில போயிரும்னு நெனச்சேன்டா."

விட்டில் பூச்சியைப் பற்றி நான் நினைத்தது எனக்கு நினைவிருந்தது.

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். ஓடிற்று. நின்றுவிடுமோ என்று நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம், உள்ளே கிடந்தவனையும் சேர்த்துச் சொல்கிறேன். நிற்கவில்லை. எஃபி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்து, "ம், வருது," என்றாள். அக்கா திரையை மறுபடி இழுத்து மூடவில்லை.

சூடான விரிப்பை அண்ணனுக்குக் கீழே போட்டபோது அவன் கேட்டான்: "என் சட்டைய எதுக்குடி வச்ச? உன் சட்டை இல்லையா?"

"உனக்குத்தான் இப்ப கடலுக்குப் போற வேலை இல்லையே."

"இப்ப இல்ல," என்றான்.

நவம்பர் 17, திங்கள்

கட்ரீனா வந்தாள். நேற்று மதியத்திலிருந்து காய்ந்த விரிப்பு. தோலைத் தொட்டுப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். "பெருசாகல. இப்படியே வச்சிருங்க," என்றாள். இல்லத்தைப் பற்றிப் பேசவில்லை. அண்ணன்தான் விடவில்லை.

"அந்தக் கட்டிலு?"

"வேற ஒருத்தர் வந்துட்டாரு, ஐயா."

"பாவம்," என்றான் அண்ணன். மனதாரச் சொன்னான் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 22, சனி

உருளைக்கிழங்கு, சூப், கரிமண். அக்கா சுற்றுக்குப் போகவில்லை. நீலச் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள், ஒரு கை கிழிந்துவிட்டது.

நவம்பர் 30, ஞாயிறு

புண் மேல்தோல் கட்டிவிட்டது. டிரையர் ஓடுகிறது. தெர்மோஸ்டாட் பழையதே போதும் என்று இப்போது தெரிகிறது. புதியதைக் கழற்றவில்லை, இருக்கட்டும்.

அக்கா ஜன்னலருகே உட்கார்ந்து வேதம் வாசிக்கிறாள். சாலையில் ஆட்கள் திரும்பிப் பார்க்கும்போது பக்கத்தைத் திருப்புகிறாள். சற்றுமுன் நான், "அக்கா, எஃபி வீட்டுச் சுவரைப் பாரு," என்றேன். அங்கேயும் முழங்கால் உயரத்தில் வெள்ளைப் புகை. எஃபி வீட்டில் நோயாளி கிடையாது. ஒரு பூனை இருக்கிறது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அது அடுப்புப் புகைடா," என்றாள்.

சரி. வீட்டில் வேலை ஒன்றுமில்லை, அந்தக் கடா கதையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நல்ல அலை. பெண்ணின் அப்பா படகின் முனையில் புதுக்கோட்டோடு நின்றார். கடா அவருக்குப் பின்னால் நின்றது. மர்டோ கரையில் இதே நீலச் சட்டையில் நின்றுகொண்டு கையை ஆட்டினான், கடா அதைத் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து — இரு, அண்ணன் உள்ளேயிருந்து கத்துகிறான். "சின்னவனே, விரிப்பு ஆறிப்போகுதுடா, சூடா இருக்கும்போதே எடுத்துட்டு வா"ங்கறான். இதோ வரேன், கடா தலையைத் தாழ்த்தி —