நுரை அடங்கும் வரை

ஜனவரி 19

மருந்துக்கடையில் வழக்கமான பால்பொடி தீர்ந்துவிட்டது என்று வேறொன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். டப்பாவின் மேல் ஒரு கரடி சிரிக்கிறது. கரடி சிரித்து என்ன பயன்? பொடி தண்ணீரைக் கண்டதும் கட்டி கட்டியாகச் சுருண்டுகொள்கிறது. அசென் இரண்டு இழுப்பு இழுத்தான், ரப்பர் காம்பில் கட்டி அடைத்துக்கொண்டது. விஷம் வைத்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

பல புட்டிகள் பாழான பிறகுதான் பிடிபட்டது. கொதித்த தண்ணீரை முழுக்க ஆறவிடாமல் கொஞ்சம் சூட்டோடு எடுக்க வேண்டும். தண்ணீர் முதலில், பொடி பிறகு. கரண்டியைக் கத்தியின் முதுகால் மட்டம் தட்டிப் போட வேண்டும். குலுக்கவே கூடாது. புட்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அவசரப்படாமல் உருட்ட வேண்டும். பிறகு மேசையில் வைத்து நுரை அடங்கக் காத்திருக்க வேண்டும், நுரையோடு கொடுத்தால் காற்று வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். உருட்டும்போது என் கல்யாண மோதிரம் கண்ணாடியில் பட்டு டிங் டிங் என்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் போதும், எந்த அழுகையையும் பாதியில் நிறுத்திவிடுவான். "பொறுடா சிங்கம், நுரை அடங்கட்டும்" என்பேன். சிங்கம் கட்டை விரலைச் சப்பிக்கொண்டு பொறுக்கும்.

"பாதிரியார் பூசை வைக்கிற மாதிரி இருக்குடி நீ பண்றது" என்கிறான் என் புருஷன் ஸ்தாமென். ஆயுள் முழுக்க டான்யூப் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவனுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவன் சமைத்தால் பருப்பு சூப்பே கட்டி தட்டும்.

பிப்ரவரி வந்தால் அசெனுக்கு ஆறு மாதம். மருத்துவமனையிலிருந்து நேரே என் கைக்கு வந்தவன். பெற்றவள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். தத்தெடுக்க ஒரு அம்மா அப்பா கிடைக்கும் வரை வளர்த்துக் கொடுப்பதுதான் என் வேலை, அரசாங்கம் சம்பளம் தருகிறது. அம்மா என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அத்தை என்றுதான் பழக்க வேண்டும். இதற்கு முன் வளர்த்து அனுப்பியவர்கள் எல்லாரும் நடக்கிற வயதில் வந்தவர்கள். தொப்புள்கொடி கூட உதிராமல் வந்தவன் இவன் ஒருவன்தான்.

ஜனவரி 27

முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தான். என்னைப் பார்த்து அல்ல, ஸ்தாமென் தும்மியதற்கு. துரோகி.

பிப்ரவரி 3

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ருமியானா பேசினாள். "அக்கா, நல்ல சேதி!"

நல்ல சேதியாம். அசெனுக்குத் தம்பதி கிடைத்திருக்கிறார்கள். தெற்கே மலை ஊர். விலியானா, கிரில். பல வருடம் காத்திருந்தவர்கள். அடுத்த வாரம் இங்கே வந்து விடுதியில் தங்கித் தினமும் குழந்தையோடு பழகுவார்கள். வெள்ளிக்கிழமை வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டும் என்றால் வழக்கு, தீர்ப்பு, பிறகு கூட்டிப் போவார்கள்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன், நாங்களே எடுத்துக்கொண்டால் என்ன என்று. "உங்க வயசுக்குக் கைக்குழந்தையைக் கோர்ட்டு குடுக்காதுக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்தால் வலிக்காதா?

பிப்ரவரி 9

வந்தார்கள். விலியானா ஒல்லி. உட்காரச் சொன்னால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறாள். கிரில் ஆஜானுபாகு. வாசலிலேயே இரண்டு பெரிய தண்ணீர் கேன்களை இறக்கினான்.

"எங்க ஊர் ஊத்துத் தண்ணிக்கா. மண்ணுக்குள்ளேருந்து சூடாவே வரும். எங்க ஊர்ல அத்தனை புள்ளைங்களும் இதுல வளர்ந்ததுதான். எங்கப்பா இந்த வயசுலயும் பல்லால கொட்டை உடைக்கிறாரு, பாருங்க!"

எல்லாரும் சிரித்தோம். கேன்களைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு எங்கள் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஏன் என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

பால் கரைக்கும் வேலையை விலியானாவிடம் விட வேண்டும் என்பது ருமியானாவின் உத்தரவு. விட்டேன். பொடியை முதலில் கொட்டினாள், அதன் மேல் தண்ணீர். மூடியைத் திருகி, மோர் கடைவதுபோல் குலுக்கினாள் பார், தோள் கழன்றுவிடும்போல. அடியில் கட்டி, மேலே நுரை. என் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிவிட்டேன். பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

அசென் வீறிட்டான். அவள் ஆட்டினாள், பாடினாள், வியர்த்துப் போனாள். கடைசியில் நான் எழுந்து போய் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு புட்டி கரைத்தேன். டிங் டிங். அழுகை நின்றது. என் கைக்கு வந்து கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

"அவனுக்கு என்னைப் பிடிக்கலை, இல்லக்கா?"

"பழகணும்" என்றேன். 

பிப்ரவரி 10

இன்றும் குலுக்கினாள். இன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 11

போகும்போது ருமியானா என் காதில் கிசுகிசுத்தாள். "பொண்ணு பயந்து போயிருக்காக்கா. புள்ளை ஏத்துக்கலைன்னா வேணாம்னு சொல்லிடுவோமான்னு கேக்கறா."

வேண்டாம் என்றால் பட்டியலில் அடுத்தவர்களைத் தேட வேண்டும். மாதங்கள் ஆகும். மாதங்கள்! உட்காரக் கற்றுக்கொள்வான், தவழ்வான், முதல் பல்லை நான் பார்ப்பேன்.

மாலை பாலாடைக்கட்டி வைத்துப் பனீத்ஸா அப்பம் சுட்டேன். ஸ்தாமென் ஒரு துண்டைப் பிட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். "என்னடி விசேஷம்?"

ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 12

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மதியம் குழந்தையை விடுதிக்குக் கூட்டிப் போனார்கள், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. பொடி, துணி, மாற்று உடுப்பு எல்லாம் கட்டிக் கொடுத்தேன். கொதித்து ஆறிய தண்ணீரைக் குடுவையில் ஊற்றப் போனபோது கிரில் தடுத்தான். "தண்ணி எங்ககிட்ட இருக்குக்கா, நல்ல தண்ணி."

எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். பெரியவர்களுக்கு அது அமிர்தமாக இருக்கலாம். அத்தனை உப்பும் தாதுவும் இந்த வயிறு தாங்காது, ஊற்றுத் தண்ணீரில் மட்டும் கரைக்காதே என்று குழந்தை மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். குடுவை கையில் இருந்தது. அவர்கள் படியிறங்கும் வரை கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்தபோது வயிறு தம்பட்டம்போல இறுகிக் கிடந்தது. துணி மாற்ற மாற்ற நனைத்தான். அழ அழ, குரல் கூடக் கம்மிவிட்டது. விலியானா சுவரோடு சுவராக நின்றாள். "நான் என்ன செஞ்சேன்? நான் என்னக்கா செஞ்சேன்?" மருத்துவரிடம் ஓடினோம். பயமில்லை, ஓரிரு நாளில் சரியாகும் என்றார். என்ன தண்ணீர் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்தாமென் கதவைச் சாத்தினான். "உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

அசெனின் ஈரத் துணியை மாற்றக் குனிந்தேன்.

"அந்தப் பொண்ணு தோக்கணும்னு இந்தச் சின்ன உசுரோட வயித்துல கை வெச்சிட்டியேடி, நேத்கா."

அடித்திருந்தால் தேவலாம். ஐயோ, என் தங்கமே. நான்தான்டா செஞ்சேன். வேற யாரும் இல்ல, உன் அத்தைதான்டா.

பிப்ரவரி 13, வெள்ளி

நாளைய திராட்சைக் கொடித் திருநாளுக்கு இன்றே தெருவில் ஒயின் பீப்பாய் உருட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அசெனின் வயிறு இளகிவிட்டது. விடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

விலியானா தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. கோட்டுகூடக் கழற்றவில்லை.

"வேணாம்னு எழுதிக் குடுத்துடறோம்க்கா. என் கை அவனுக்கு ஆகலை. அவனைக் கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

நான் கேட்கத் துடித்த வார்த்தை அதுதான். தலையாட்டியிருந்தால் போதும், அவன் எனக்கு.

"கோட்டைக் கழட்டு" என்றேன். "கையைக் கழுவு."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். சொன்னேன். "உன் கை இல்லடி. தண்ணி. உங்க ஊத்துத் தண்ணிதான் அவனுக்கு ஒத்துக்கலை. பாலைக் குலுக்கினதும் தப்பு, பொடியை முதல்ல போட்டதும் தப்பு. முதல் நாள்லேருந்து எனக்குத் தெரியும். சொல்லலை."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா?"

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அழுத்தித் தேய்த்து, முழங்கை வரை கழுவினாள்.

தண்ணீரின் சூட்டைக் காட்டினேன். மட்டம் தட்டக் காட்டினேன். கண்ணாடிப் புட்டியை அவள் கையில் கொடுத்து உருட்டச் சொன்னேன். பால் பட்டுப்போலக் கரைந்தது, சத்தம்தான் வரவில்லை. குழந்தையைக் கீறிவிடும் என்று மோதிரத்தைக் கைப்பையில் போட்டு வைத்திருக்கிறாள், பாவம். எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

டிங்.

அசென் அழுகையை நிறுத்தினான். என் முகத்தைத் தேடினான். பிறகு சத்தம் வந்த கையைத் தேடினான். "பொறுடா சிங்கம், நுரை அடங்கட்டும்னு சொல்லு" என்றேன். சொன்னாள். அவள் மடியில் கிடந்து, அவள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் குடித்தான். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் ருமியானா பேசினாள். வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 20

பல். கீழே. கரண்டியில் டக்கென்று தட்டியது. நான்தான் பார்த்தேன்.

ஏப்ரல் 22

தீர்ப்பு வந்துவிட்டது, இன்று கூட்டிப் போனார்கள்.

பால்பொடியை, அந்தக் கரடி டப்பாவை, எடுத்து வைத்தேன். நீலத் தொப்பி. காதைத் தேய்த்தால்தான் தூங்குவான் என்று சொன்னேன். வேறு என்னென்னவோ சொன்னேன். விலியானா எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றாள். கண்ணாடிப் புட்டி ஒன்றை அவள் கையில் வைத்தேன். இன்னொன்றைக் கொடுக்க மனம் வரவில்லை.

புறப்படுகிறவர் வழி தண்ணீர்போல ஓட வேண்டும் என்று வாசலில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஸ்தாமென் செம்பில் ஒரு பூவைப் போட்டுத் தயாராக நின்றான். நான் உள்ளே போய்த் தொட்டிக்கு அடியிலிருந்து அந்த ஊற்றுத் தண்ணீர்க் கேனை இழுத்துக்கொண்டு வந்தேன். கிரில் விழித்தான். "அக்கா, அது..."

"உங்க ஊர் தண்ணிதான். அங்கதானே வளரப் போறான்."

படி முழுக்க ஊற்றினேன். விலியானா அவனைத் தூக்கிக்கொண்டு அதை மிதித்து நடந்தாள். வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் சட்டென்று திரும்பி வந்தாள். என் கையைப் பிடித்து மோதிர விரலில் முத்தம் கொடுத்தாள். போய் வண்டியில் ஏறிவிட்டாள்.

அவன் தொப்பியின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தான். எங்கே போகிறோம் என்று அவனுக்கு என்ன தெரியும்.

ஏப்ரல் 23

காலையில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். ஆறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. ஜன்னலில் இருக்கும் ஜெரேனியம் பூச்செடிக்கு ஊற்றினேன்.

மே 5

ஸ்தாமென் தொட்டிலைப் பிரித்து மாடியில் வைத்தான். வைத்துவிட்டு அங்கேயே வெகுநேரம் இருந்தான். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஜூன் 30

விலியானா கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினாள். மடியில் அவன். கன்னம் உப்பி, கறுத்து, மலைக்காரனாகவே மாறிவிட்டான். இப்போது நாலு பல்.

"அசென்!" என்றேன். ஒரு பொம்மை மாட்டின் காதைத் தின்றுகொண்டிருந்தான். திரும்பவில்லை. "அசென், டேய்!"

விலியானாவின் முகம் சுருங்கியது. "அக்கா... நாங்க தோப்ரின்னு கூப்பிடறோம். கிரிலோட அப்பா பேரு."

ஆமாம். தலைமகனுக்குத் தாத்தா பேர்தானே வைப்பார்கள். ஸ்தாமெனுக்கும் அவன் தாத்தா பேர்தான். இதில் சொல்ல என்ன இருக்கிறது? தோப்ரி என்று கூப்பிடப் பார்த்தேன், வாயில் வரவில்லை.

இன்னொரு கண்ணாடிப் புட்டி அலமாரியில் பக்கத்திலேயே இருந்தது. எடுத்தேன். வெறும் புட்டிதான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினேன்.

டிங்.

மாட்டைக் கீழே போட்டான். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தான். இன்னொரு தடவை உருட்டினேன். சட்டென்று திரும்பினான், என் பக்கம் அல்ல. விலியானாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஏறி, அவள் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"இப்பதானேடா குடிச்சே, பேராசை பிடிச்சவனே" என்று அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே என்னைப் பார்த்துவிட்டாள், கண் கலங்கிவிட்டது.

ஏதாவது சொல்ல வேண்டுமே.

"நுரை அடங்கின பிறகுதானே குடுக்கறே?" என்று கேட்டேன்.

"அடங்கின பிறகுதான்க்கா."

சரி என்று வைத்துவிட்டேன். புட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.