கேட்டில் தொங்கும் கல்யாணப் பைகள்

செஞ்சி,
20.6.2021, ஞாயிறு

அன்பு மகள் கலைமதிக்கு உன் நைனா இளையபெருமாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் மூன்று ஆடுகளும் சுகம், அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை இனியனும் அதே போல் இருக்க வேண்டும். சுகம் என்று நான் வழக்கத்துக்கு எழுதவில்லை, அளந்து பார்த்து எழுதுகிறேன். இடது கை விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டிக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன், தொண்ணூற்றேழு காட்டுகிறது, உன் அம்மா கதவுக்கு வெளியிலிருந்து திட்டும்போது மட்டும் நாடித் துடிப்பு ஏறி இறங்குகிறது. கிளிப் எதற்கு என்று கேட்பாய், சொல்கிறேன், கடைசிப் பக்கத்துக்குத் தாண்டாமல் வரிசையாகப் படி. உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவாள், அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே, கட்டைவிரல் விழுந்திருந்தால் அது அவளுடையது, என்னைக் குறை சொல்லாதே.

வியாழக்கிழமை நீ போனில் சொன்னதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். "அந்த டிரஸ்ட்ட உட்டுட்டு வூட்ல குந்து நைனா, இல்லன்னா இனிமே நான் போனே பண்ண மாட்டேன்" என்றாய், நான் வாயைத் திறப்பதற்குள் கட் பண்ணிவிட்டாய். எலெக்‌ஷனுக்கும் ஜவுளிக்கடைக்கும் சாவுக்கும் என்று இருபது வருஷமாக ஆட்டோவில் மைக் கட்டிக் கத்துகிறவனை ஒரு பட்டனில் அடக்குகிற ஆட்கள் உலகத்தில் நீயும் உன் அம்மாவும்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். பத்தாவதில் இங்கிலீஷில் பதினொரு மார்க் வாங்கியவன் எழுத்து, தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நீ போகும்போது கைநாடி டிரஸ்ட் என்பது திண்டிவனம் ரோட்டில் நெல் மண்டிக்கு மேல் இரண்டு ரூம், வெள்ளிக்கிழமை சந்தைக்கு வருகிறவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ரிட்டயர்டு நர்ஸ் சாமுண்டீஸ்வரி சிஸ்டர்தான் எல்லாம். இப்போது போய்ப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பஸ் நின்றுபோனதால் அவலூர்பேட்டை பக்கத்திலும் தளவானூர் பக்கத்திலும் சர்க்கரை மாத்திரை இல்லாமல் தவித்தவர்களுக்கு என் ஆட்டோவில்தான் மாத்திரை போகிறது. காய்ச்சல் கண்ட வீட்டுக்கு மருந்துப் பொட்டலம், சாப்பாடு, கபசுரக் குடிநீர். யாரோ வாங்கிக் கொடுத்த ஆக்சிஜன் மெஷின் மூன்று. ஆட்டோவில் நான் முன்னால், மாத்திரை பின்னால், மைக் மேலே. மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், கழற்றவில்லை, அங்கேதான் உன் நைனா தன் புத்தியைக் காட்டினான்.

நம்ம தெரு முனை வீட்டு ஹுசைன் பீயைத் தெரியுமல்லவா, இடியாப்பம் விற்கிற அம்மா, மகன் வாணியம்பாடி செருப்புக் கம்பெனியில் இருக்கிறான், இங்கே தனிதான். போன மாதம் நடுவில் அவருக்குப் பாசிட்டிவ். மாத்திரை கொண்டுபோனேன், கதவைத் தட்டினேன், காய்ச்சலில் தூங்குகிறார் போல, திறக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, மைக்கைப் போட்டு, முனை வீட்டு ஹுசைன் பீ அவர்களே, உங்களுக்கான கொரோனா மாத்திரைகள் வந்துள்ளன, உடனடியாக வெளியே வந்து பெற்றுக்கொள்ளவும் என்று அறிவித்தேன். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். முடிவில் நன்றி வணக்கம் வேறு. பழக்க தோஷம். அன்றைக்கு மத்தியானமே பால்காரர் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் காலையில் காய்ச்சலோடு அவர் முகத்தை மூடிக்கொண்டு குடத்தை எடுத்து வந்திருக்கிறார், அந்த நேரத்தில் யாரும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, அவர் வேறு என்ன செய்வார். மளிகைக் கடைக் கோதண்டராமன் பொதுக்குழாயை மூடிவிட்டு, நீ தொட்ட குழாயை நாங்க தொடணுமா என்று கேட்டிருக்கிறார். அப்புறம் ஒரு பெண்பிள்ளை இரக்கப்பட்டு, குடத்தை ரோட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லு என்று சொல்லி, உயரத்தில் இருந்து ஊற்றினாளாம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு. உன் தாத்தா அனந்தபுரத்தில் டீக்கடைக்கு வெளியே நின்று இரண்டு கையையும் குவித்து, உயரத்தில் இருந்து ஊற்றிய தண்ணீரைக் குடித்தவர். அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். அதே தண்ணீரை அதே உயரத்தில் இருந்து ஒரு மனுஷிக்கு ஊற்ற வைத்தது இன்றைக்கு என் மைக். நோய் யாருக்கு வேண்டுமானாலும் வரும், இது மட்டும் நம்ம தெருவில் திரும்ப வரக்கூடாது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். ஆட்டோவில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தேன், மைக்கைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன், சிஸ்டரிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. "மைக்கு இல்லாம உனக்கு மூளை இருக்குதா இளையபெருமாளு, இருந்தா அத வச்சி இன்னா பண்ணலாம்னு யோசி" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

யோசித்தேன். ஒரு வீட்டு வாசலில் மட்டும் மருந்து வைத்தால்தானே அது நோய் வீடு, எல்லா வாசலிலும் வைத்தால் எது நோய் வீடு. எல்லா வீட்டுக் கேட்டிலும் ஒரே மாதிரி ஒரு பை தொங்க வேண்டும், வேண்டியவர்கள் வேண்டியதைச் சீட்டில் எழுதி உள்ளே போட வேண்டும், பேர் எழுதக்கூடாது, பை எந்தக் கேட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்கு மருந்து. டிரஸ்ட் ஆள் காலையிலும் மாலையிலும் ஒரு பை விடாமல் எல்லாப் பையிலும் கையை விட்டுப் பார்ப்பார், காலியாக இருந்தாலும் பார்ப்பார். வேடிக்கை பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நாற்பத்திரண்டு வீட்டுக்கு ஒரே மாதிரிப் பைக்கு எங்கே போவது என்று சிஸ்டர் கேட்டபோதுதான் நம்ம பரண் ஞாபகம் வந்தது. உன் கல்யாணத்துக்கு நான் ஆயிரம் தாம்பூலப் பை அடித்து, வந்தவர்கள் அறுநூறு பேர், மிச்சத்தைச் சொல்லிச் சொல்லி உன் அம்மா இரண்டு வருஷமாக என்னை வறுத்தெடுத்தாளே, அதே மஞ்சள் பைதான். ஒரு பக்கம் கலைமதி, இனியன் என்று பேர், மறுபக்கம் குத்துவிளக்கு. முதல் பையை நம்ம கேட்டில் கட்டினேன். கோதண்டராமன் தன் வீட்டில் கட்ட விடமாட்டேன் என்றார். நீ கட்டவில்லை என்றால் உன் வீட்டில்தான் நோய் என்று நினைப்பார்கள் என்றேன், அரை மணி நேரத்தில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார்.

நன்றாகத்தான் போனது, நான் சும்மா இருந்திருந்தால். காலிப்பை தொங்குவது நன்றாக இல்லை, மருந்து வேண்டாதவர்கள் ஒரு முருங்கைக்காயோ இரண்டு வாழைப்பழமோ போட்டு வையுங்கள், முடியாதவர்களுக்கு ஆகும் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தேன். கோட்டையை மூடி மாதக்கணக்கு ஆகிறது, சுற்றுலாக்காரர்கள் இல்லை, மலைக் குரங்கு எல்லாம் ஊருக்குள்தான் இருக்கிறது, அது என் மண்டையில் ஏறவில்லை. இரண்டாம் தேதி புதன்கிழமை காலையில் வந்து பார்த்தால் உன் பேர் போட்ட பை ஏழெட்டு ரோட்டில் கிடக்கிறது, ஒரு பை மின்கம்பத்தின் உச்சியில், சீட்டெல்லாம் காற்றில். பொறுக்கினேன். பிரஷர் மாத்திரை என்று ஒன்று, பேதிக்கு என்று ஒன்று. அடுத்தது தேதிக் காலண்டர் தாளில் பென்சிலால் எழுதியது. அவருக்கு மூச்சு வாங்குது, படுத்தா அதிகமாகுது, சத்தம் போடாமல் வரவும் என்று இருந்தது. பேர் இல்லை. எந்தப் பையில் இருந்து விழுந்தது என்றும் தெரியாது. பேர் எழுத வேண்டாம் என்றது நான், பழம் போடச் சொன்னது நான், சத்தம் போடாமல் வரவும் என்று அவர்களை எழுத வைத்ததும் நான்தான். இப்போது இந்தத் தெருவில் யாரோ ஒருவர் மூச்சுக்குத் திணறுகிறார், எந்தக் கதவுக்குப் பின்னால் என்று தெரியவில்லை.

வேறு வழி இல்லை, நாற்பத்திரண்டு கதவையும் தட்ட வேண்டும், கேட்டால் எல்லாரும் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள், அதனால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் விரலிலும் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டிப் பார்க்க வேண்டும். சிஸ்டர் இரண்டு கிளிப் கொடுத்தார், கிளிப் இரண்டு, ஆள் நான் ஒருவன். அப்போது முனை வீட்டில் இருந்து ஹுசைன் பீ இறங்கி வந்தார். உடம்பு தேறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, நீங்கள் படுங்கள் என்றேன். "எனுக்கு வந்துட்டுப் போயிடுச்சு, இனிமே நான் எதுக்குப் பயப்படணும், அத இங்க குடு" என்று வாங்கிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய்விட்டார். யாருக்காக என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழாயடியில் அவரைத் தள்ளி நிற்கச் சொன்ன வீட்டுக்கும் போனார். கோதண்டராமன் வீட்டு வாசலில் என்ன நடந்தது என்பது மட்டும் நான் என் காதால் கேட்டது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "வெரல நீட்டு அண்ணே, கொழாய மூடுன வெரலுதான, அதுல தெம்பு நல்லாத்தான் இருக்கும்" என்றார் ஹுசைன் பீ. அவர் நீட்டினார். தொண்ணூற்றெட்டு. நல்லா இருக்குது, போய்க் கடையைப் பாரு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூட கோதண்டராமன் தாங்கியிருப்பார்.

முப்பதாவது வீடோ முப்பத்தொன்றோ, எண்பத்துமூன்று காட்டியது. எந்த வீடு, யார் என்று இதில் எழுத மாட்டேன், உனக்கும் சொல்ல மாட்டேன், உன் அம்மாவுக்கே சொல்லவில்லை, அதற்காக இரண்டு நாள் கஞ்சியில் உப்பு இல்லை. ஹுசைன் பீ விஷயத்தை மைக்கில் ஊருக்குச் சொன்னதே போதும். சிஸ்டர் மெஷினோடு வந்து குப்புறப் படுக்க வைத்து மூக்கில் குழாயை மாட்டினார், கரண்ட் போனபோது பக்கத்து வீட்டு இன்வெர்டரில் இருந்து ஒயர் இழுத்தோம், சாயங்காலம் விழுப்புரத்தில் படுக்கை கிடைக்கும் வரை அந்த எண் எண்பத்தொன்பதுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டோம். நேற்று அந்த ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார், நடந்தே படியேறினார். கதவு தட்டிய மறுநாளில் இருந்தே குழாயடியில் ஹுசைன் பீயின் குடம் வரிசையில்தான் நிற்கிறது, கோதண்டராமன் அந்த நேரத்தில் ராஜகிரி மலையை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான்.

இப்போது கிளிப் விஷயம். ஆறாம் தேதி எனக்குக் காய்ச்சல். பாசிட்டிவ். பதினான்கு நாளாகப் பின் ரூமில் இருக்கிறேன். வியாழக்கிழமை நீ இருமல் என்ன என்று கேட்டபோது பொரி புரையேறியது என்றது பொய், பொரி சாப்பிட்டு ஒரு மாதம் ஆகிறது. ஐந்தாவது நாள் தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கியது, அன்றைக்குப் பயந்தேன், மறைக்கவில்லை, உன் முகம்தான் வந்தது. நம்ம கேட்டில் தொங்குகிற பையில் நானும் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன், பேர் போடாமல். சிஸ்டர் வந்தார். என் எழுத்தை ஊரே அறியும், பேர் வேறு எதற்கு என்றார். பையில் சாப்பாடு போடக் கூடாது என்று இப்போது சட்டம், ஆனாலும் தினமும் காலையில் நம்ம பையில் மூடி போட்ட தூக்கில் சூடாக இடியாப்பம் இருக்கிறது, யார் வைக்கிறார்கள் என்று தெரியாத மாதிரி உன் அம்மா எடுத்து வருகிறாள்.

நீ கோபப்படுவாய், பட்டுக்கொள், ஆனால் நீ மட்டும் யோக்கியமா. ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை என்று மூன்று மாதமாக உன் அம்மாவிடம் சொன்னாய், மாப்பிள்ளை அனுப்பிய போட்டோவில் உன் மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய தழும்பு இருந்தது. மாப்பிள்ளையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், கொரோனா டெஸ்ட் எடுக்கிற லேபில் முகம் தெரியாதவர்கள் மூக்கில் எல்லாம் குச்சி விடுகிற வேலை உனக்கு, நான் மட்டும் வீட்டில் குந்த வேண்டுமா. வேலையை விட்டுவிட்டு வா என்று உன்னிடம் நான் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை, சொல்ல நாக்கு வரை வந்தது, விழுங்கினேன். நீயும் விழுங்கு. நாளைக்குத் திங்கட்கிழமை, சிஸ்டர் சரி என்று சொல்லிவிட்டார், காலை ஆறு மணிக்கு ஆட்டோவை எடுக்கிறேன், மைக் இல்லாமல்.

மேல்மலையனூர் அங்காளம்மன் உனக்கும் மாப்பிள்ளைக்கும் காவல் நிற்கட்டும். மூக்குத் தழும்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, நேரத்துக்குச் சாப்பிடு, அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடு, நான் சொன்னால் எனக்குத்தான் திட்டு. போன் பண்ண மாட்டேன் என்றாய், சரி, பண்ணாதே, செவ்வாய்க்கிழமை நானே பண்ணுவேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்தத் தெருவில் நாற்பத்திரண்டு கேட்டிலும் உன் பேர்தான் தொங்குகிறது. அதை நான் அவிழ்க்க மாட்டேன். வேண்டுமானால் நோய் எல்லாம் போன பிறகு லீவு போட்டு வந்து நீயே ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொள், நான் கூட வருகிறேன், கோதண்டராமன் போட்ட முடிச்சு மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

இப்படிக்கு,
தொண்ணூற்றேழில் இருக்கும் உன் நைனா,
இளையபெருமாள்