சிமோன் பின்னி அனுப்பிய இலைகள்

சேசு மரி சூசை துணை

சைகோன், 1931 நவம்பர் 24

என் செல்ல மகன் இக்னாசுக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீ அந்தப் பிரெஞ்சு தேசத்துக் குளிரில் இருமல் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்கத் தினமும் மாதாவை மன்றாடுகிறேன். மழை இன்னும் விட்டபாடில்லை, சாயங்காலமானால் கொட்டித் தீர்க்கிறது, துவைத்த துணி காய மூன்று நாள் ஆகிறது, அப்பாவுக்கு முழங்கால் வலி, எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் நாளைக்கு என்கிறார். சிமோனைக் கட்டிக்கொள்ள உத்தரவு கேட்டு ஜூன் மாதம் நீ எழுதின கடிதத்துக்கு நான் இதுவரை பதில் போடவில்லை. அம்மா யோசிக்கிறாள் என்று அப்பா உனக்கு எழுதினாராம், அது அவருடைய நல்ல மனசு. நான் யோசிக்கவே இல்லை மகனே, வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரைக்காலில் உனக்கென்று பெண் பார்த்து வைத்திருந்தேன், நீ முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைச் சொல்கிறாய், அவள் உன்னை அங்கேயே இருத்திக்கொள்வாள், உன் பிள்ளைகளுக்கு நான் யாரோ ஆகிவிடுவேன் என்று பயம். பயத்தைப் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டுக் கோபமாக வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில், அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்க்கும் ரொபேர் விடுப்பு முடிந்து அங்கிருந்து வந்து இறங்கினான், நீ கொடுத்துவிட்ட அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் பொண்ணு தன் கையாலேயே பின்னுனதாம் அத்தை, உங்களுக்குன்னு குடுத்து விட்டுச்சு என்றான், அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. திறந்து பார்த்தேன். கம்பளி நூலில் குரோஷே ஊசியால் பின்னின இலைகள், ஒரு நீளக் கயிற்றில் கோத்து மாலையாக, எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று. எல்லாம் மரத்தை விட்டு உதிர்ந்த இலைகளின் நிறம், செம்பு நிறம், மஞ்சள், ஈரம் காயாத இரத்தம் மாதிரி ஒரு சிவப்பு. நமக்குத் தெரிந்து சிவந்து உதிர்வது நாட்டு வாதுமை, அந்த வாதா மரத்து இலை ஒன்றுதான், ஒரு தேசத்து மரமெல்லாம் இப்படி ஆகுமா என்று மலைத்துப்போனேன். எனக்குப் பின்னல் சொல்லித்தந்த கன்னியாஸ்திரிகள், மேசை விரிப்பில் ஒரு பூ மற்றதைவிட ஒரு நூல்கண்ணி கூடிவிட்டாலும் முழுவதையும் அவிழ்க்கச் சொல்வார்கள், நானும் முப்பது வருஷமாக எல்லாப் பூவையும் ஒன்றுபோலவே பின்னி அதுதான் வித்தை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இவள் பின்னினதில் இரண்டு இலை ஒன்றுபோல் இல்லை. ஒன்று ஓரம் சுருண்டிருக்கிறது, ஒன்றுக்குக் காம்பு கோணல், ஒன்றில் புழு தின்ற ஓட்டை, அந்த ஓட்டையைச் சுற்றி மட்டும் நூல் கருத்த நிறத்துக்கு மாறுகிறது. ஒரு புழு தின்ற இடத்தை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த கண் எப்படிப்பட்ட கண் என்று அதையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

இறந்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாளுக்கு அப்போது நாலு நாள் இருந்தது. நம் வீட்டில் நல்லது என்றால் வாசலில் பச்சை மாவிலை கட்டுவோம், உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சருகு யார் அனுப்புவார்கள். இது நம் ரோசாலியின் கல்லறைக்குத்தான் என்று நான் முடிவுகட்டினேன், அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார். உன் தங்கை போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று நம்மைத் தவிர ஒருவரும் ஒரு பூ வைத்ததில்லை. கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு இந்தப் பெண் ராவும் பகலும் உட்கார்ந்து இலை இலையாகப் பின்னியிருக்கிறாளே என்று நினைத்து அழுதேன். திருநாள் காலையில் பூசை முடிந்ததும் கல்லறையைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, சிலுவையைச் சுற்றி அதை வைத்தோம். அக்கம்பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள்.

போன வாரம் கப்பல் தபாலில் உன் கடிதம் வந்தது. இலையுதிர் காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு இப்படி அலங்காரம் செய்வார்களாம், இது சின்னப் பிள்ளையும் பின்னக்கூடிய சுலபமான வேலையாம், நம் வாசல் கதவுக்கு மேலே தொங்கவிடச் சிமோன் ஆசையாக அனுப்பினாளாம். அப்பா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழவரப்போகிற பெண் வாசலுக்கென்று அனுப்பினதைக் கல்லறையில் போட்டுவிட்டோமே, இது அவளுக்கு ஆகுமா உனக்கு ஆகுமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பா சொல்லச் சொல்லக் கேளாமல் ஒரு ரிக்‌ஷா பிடித்து, மாலையை எடுத்துவரக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

பத்துப் பதினைந்து நாள் மழை அதன்மேல் பெய்திருந்தது. கயிறு அறுந்து இலைகள் கல்லின்மேல் சிதறிக் கிடந்தன, பக்கத்து வாதா மரத்தின் இலைகளும் அதோடு விழுந்து கிடந்தன. குனிந்து சிவப்பாக ஒன்றை எடுத்தேன், அது மரத்து இலை. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் மரத்து இலை. வாதா இலை பெரிது, அது பாதி கிழிந்து கிடந்ததால் எனக்குப் பிடிபடவில்லை. முப்பது வருஷம் ஊசி பிடித்தவள், தொட்டுப் பார்த்துத்தான் எது அவள் பின்னினது, எது சர்வேசுரன் பின்னினது என்று சொல்ல முடிந்தது. அந்த இடத்திலேயே மகனே, நனைந்த கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் அதை எடுத்து வரவில்லை. திருநாளன்று மாலையை வைத்தபோது, அப்பா தண்ணீர் கொண்டுவரப் போயிருந்த நேரத்தில், ரோசாலியிடம் வாய்விட்டு ஒன்று சொல்லியிருந்தேன், அது அப்பாவுக்குக்கூடத் தெரியாது. பாப்பா, இது ஒன் அண்ணி பின்னுனதுடி என்று சொன்னேன். ஐந்து மாதம் உனக்குச் சொல்ல மறுத்ததை ஏழு வயதில் போன பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், அவளுக்குக் கொடுத்த அண்ணியை இனி எப்படித் திருப்பி வாங்குவேன். தவறாகப் புரிந்துகொண்டு சொன்னதுதான், ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

ரோசாலியைப் பற்றிச் சிமோனிடம் நீ சொல்லியிருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது, இல்லாவிட்டால் இன்றே சொல், அவள் இலைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் மறைக்காதே, வருத்தப்பட்டால் என்மேல் போட்டுவிடு. வாசலுக்கு வேறொரு மாலை அவளே கையில் கொண்டுவந்து அவளே கட்டட்டும். அந்த ஓட்டை இலையை எப்படிப் பின்னினாள் என்று எனக்குக் காட்டித்தர வேண்டும், எனக்குப் பிரெஞ்சு அவ்வளவு வராது, விரலைப் பார்த்துக் கற்றுக்கொள்வேன். நீ கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. சர்வேசுரனும் வேளாங்கண்ணி மாதாவும் உங்கள் இரண்டு பேரையும் நிறைவாக ஆசீர்வதித்துக் காப்பாற்றட்டும். அப்பா முத்தம் சொல்லச் சொன்னார். ஒன்று மறக்காதே, பதில் எழுதும்போது சிமோனின் மோதிர விரல் சுற்றளவை ஒரு நூலில் எடுத்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு, ஆசாரியிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அம்மா
தெரேஸ்