கை நனைக்காத வீடு

1996 யூலை 9, செவ்வாய். மனுரேவா

லீவு கிடைத்துவிட்டது. ஈஸ்ட் டாமாக்கி பாக்டரியில் சூப்பவைசர் எங்கே போகிறாய் என்று கேட்டான். வேல்ஸ், நாட்டுப்புறத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்து ஒரு கிழமை என்றேன். அங்கே என்ன இருக்கு என்றான். "ஆடு" என்றேன். சிரி சிரியென்று சிரித்தான். ஆடு நிறைந்த நியூசிலாந்திலிருந்து உலகத்தின் மற்றப் பக்கத்துக்குப் பறந்துபோய் ஆடு பார்க்கப்போகிற முதல் ஆள் நான்தானாம்.

அவனுக்கு எப்படிச் சொல்வது? நான் போவது அண்ணாவைப் பார்க்க.

யூலை 11, வியாழன்

எல்லாம் லண்டனில் இருக்கிற அண்ணாவின் மகள் மெலனியின் வேலை. சட்டம் படிக்கிற பிள்ளை, சும்மாவா.

ஐந்து வருசத்துக்கு முந்தி என் மகள் றெபேக்காவின் கலியாணம். அந்த ஓட்டத்தில் அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொல்லப் பிந்திவிட்டது, தபாலில் கார்ட் முந்திவிட்டது. "ஊரவனுக்கு அனுப்பிற மாதிரி எனக்கும் கார்ட்டோ?" என்றார். கலியாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் என் பிள்ளை தாலி கட்டிக்கொண்டாள். அந்தக் கொதியில் நான் சொன்னேன், "இனி உங்கட வாசற்படி மிதிக்க மாட்டன்." அவர் சொன்னார், "உன்ர வீட்டில நான் கை நனைக்க மாட்டன்." இரண்டு பேரும் இன்றுவரை சொல் தவறவில்லை. அப்படி ஒரு பிடிவாதம் எங்கள் குடும்பத்துக்கு.

போன ஓகஸ்டில் மன்னாரில் பெரியக்கா போய்விட்டா. லண்டனில் அவர் ஒரு பூசை கொடுத்தார், மனுரேவாவில் நான் ஒரு பூசை. கூடப்பிறந்தவர்களில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா போய்விட்டா என்றுகூட ஒருவருக்கொருவர் சொல்லி அழவில்லை. இப்படியே இருவரில் ஒருவரும் போய்விட்டால்?

மெலனி போனில் சொன்னாள்: "மாமி, அது ரென்ட் வீடு. உங்கட வீடும் இல்லை, அப்பாவின்ர வீடும் இல்லை. ரெண்டு பேரும் சாப்பிடலாம். ஒருத்தரும் ப்ரொமிஸ் பிரேக் பண்ணத் தேவையில்லை."

அவர் ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன். "யோசிச்சுப்போட்டு ஓம் எண்டவர்" என்றாள்.

ஓகஸ்ட் 17, சனி. வேல்ஸ்

மெலனியின் காரில் வந்து சேர்ந்தோம். கற்சுவர், தாழ்ந்த கதவுநிலை, மழை. என் மனுசன் சில்வெஸ்ரர் நுழையும்போதே நெற்றியை இடித்துக்கொண்டார். அண்ணாவின் கார் வாசலில் நிற்கிறது. ஆள் மேலே அறையில். இறங்கி வரவில்லை.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

அண்ணா லண்டனிலிருந்து சொந்தமாக அரிசி, பருப்பு, சட்டி எல்லாம் கொண்டுவந்திருக்கிறார். நான் சமைத்தால் அது என் வீட்டுச் சாப்பாடு ஆகிவிடுமாம்! மகள் சட்டம் படிப்பது சும்மா இல்லை, தகப்பனிடமிருந்து வந்த குணம். ஒரே அடுப்பில் அண்ணாவின் மனுசி, மச்சாளின் பருப்பு ஒரு பக்கம் கொதிக்கிறது, என் பருப்பு மறு பக்கம். பாவம் மச்சாள், என்னைப் பார்த்துச் சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் பயம்.

இவரும் அண்ணாவும் மட்டும் ஒரு குறையும் இல்லாமல், இலங்கை உலகக் கிண்ணம் வென்ற கதையை ஒவ்வொரு ஓவராகக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மெலனி மூலம்தான் செய்தி வரும். "மெலனி, அந்த யன்னலைச் சாத்தச் சொல்லு." யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பது நான். கை நீட்டினால் அவரைத் தொடலாம்.

சாத்தினேன்.

ஓகஸ்ட் 19, திங்கள்

மழை விட்டது. எல்லோருமாக மேட்டில் ஏறி நடந்தோம். பாதி வழியில் அண்ணா நின்று வேலிக்கு அப்பால் ஆடுகளைப் பார்த்தார். கொஞ்சம் ஏறினார், திரும்பவும் ஆட்டைப் பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்குகிறது, அதை மறைக்கத்தான் இந்த ஆடு பார்க்கிற வேலை. தலைமயிர் முழுக்க நரைத்துவிட்டது. எப்போது இவ்வளவு வயது போனது?

எனக்கும் மூச்சு வாங்கியது. நானும் பக்கத்தில் நின்று ஆட்டைப் பார்த்தேன்.

ஓகஸ்ட் 21, புதன்

பெரியக்காவின் ஆண்டு நினைவு. கோயில் தூரத்தில். ஒழுங்கையில் வெள்ளம், கார் போகாது. வீட்டிலேயே செபமாலை சொல்லுவோம் என்று மச்சாள்தான் சொன்னா. குளிர்காயும் நெருப்புக் கூட்டுக்கு முன்னால் எல்லோரும் முழங்காலில்.

எங்கள் வீட்டில் எப்போதும் பெரியக்காதான் தொடங்குவா. இப்போது மூத்தவர் அண்ணா. அவர் செபத்தின் முதல் பாதியைச் சொன்னார். மற்றப் பாதியை நாங்கள் சொல்லி முடிக்கவேண்டும், அதுதான் முறை. நான் என்ன செய்வேன்? மாதாவோடு கோபிக்க முடியுமா? சொன்னேன். ஐந்து வருசத்துக்குப் பிறகு அவர் சொன்னதற்கு என் வாயால் நேரே ஒரு மறுமொழி.

மாலையின் மூன்றாவது பத்து மணிகளில் அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. நான் அவருடைய பாதியை எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, என் பாதியை அவர் சொன்னார். அப்படியே முடியும்வரை. அழுதுகொண்டுதான் சொன்னோம், இரண்டு பேரும். அக்காவுக்காக ஒன்றாக அழ ஒரு வருசம் எடுத்திருக்கிறது எங்களுக்கு.

பிறகு குசினிக்குள் வந்தார். என் தேங்காய்ப்பால் சொதிச் சட்டியின் மூடியைத் திறந்தார். தானே அகப்பையால் அள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு வாய் வைத்தார்.

"சொதிக்கு உப்புக் காணாது."

என்னோடு பேசிய முதல் வார்த்தை. போட்டுக்கொண்ட அவ்வளவையும் சாப்பிட்டு முடித்தார்.

ஓகஸ்ட் 24, சனி. லண்டன்

கோபத்தில் எழுதுகிறேன்.

மெலனியின் காரில் வந்தோம். அண்ணா வீட்டு வாசலில், மச்சாளின் சாமான்களை இறக்க நிறுத்தினாள். இவர் இறங்கி உள்ளே போய்விட்டார். அண்ணா கேற்றடியில் நின்றார். ஒருக்கா, ஒரே ஒருக்கா "உள்ள வா" எண்டு சொல்லியிருக்கலாம்தானே? சொல்லயில்லை. நிண்டார், நிண்டார், உள்ள போனார். திரும்பி வரேக்க கையில தேத்தண்ணிக் கோப்பை. கார் யன்னலுக்குள்ளால நீட்டினார். நானும் வாங்கிக் குடிச்சன். கார் மெலனியின்ரதானே, சட்டம் பிழைக்கயில்லை!

அப்ப வேல்ஸில அழுதது என்ன? அந்த வாடகை வீட்டுக்கு மட்டும்தான் அண்ணன் தங்கச்சியோ?

செப்ரெம்பர் 2, திங்கள். மனுரேவா

வேலைக்குப் போனேன். ஆடு எப்படி என்று சூப்பவைசர் கேட்டான். நல்லா இருக்கு என்றேன்.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

தகனினிப் பக்கம் மோட்டர்வேயில் போகும்போது புல்வெளியில் ஆடுகள். காரை மெதுவாக விடச் சொன்னேன். இவர் ஏன் என்று கேட்கவில்லை.

1997 நவம்பர் 11, செவ்வாய்

றெபேக்காவுக்கு ஆண்பிள்ளை. ஜனவரியில் ஞானஸ்நானம். மருமகன் கிளின்ரன் இப்போதே கார்ட் அடிக்கக் கொடுக்கவா என்று கேட்டான். அடி, ஆனால் ஒரு ஆளுக்குக் கார்ட் இல்லை என்றேன். போன் எடுத்தேன். இலக்கம் பாடமாக இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

"அண்ணா, மாகிரட் கதைக்கிறன். றெபேக்காவுக்கு ஆம்பிளைப் பிள்ளை. தையில ஞானஸ்நானம். வாங்கோ."



"எங்க தங்கிறது?"

மோட்டல் என்று சொல்லலாம். மோட்டலும் ஒருவருடைய வீடும் இல்லை. மெலனி என்றால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"என்ர வீட்டில" என்றேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்டைக்கு கேற்றடியில நிண்டு ஒருக்கா வா எண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"நீ இறங்குவாய் எண்டுதான் நிண்டனான்" என்றார்.

"பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

1998 ஜனவரி 14, புதன். மனுரேவா

இன்றைக்கும் அண்ணாவுக்குச் சொதிக்கு உப்புக் காணாதாம். சொல்லிச் சொல்லியே இரண்டாம் முறையும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுகிறார். நாளைக்கும் குறைச்சுத்தான் போடப்போகிறேன்.