சாப்பாட்டுக்குப் பிறகு சண்டை

தம்பிக்கு,

நீ செய்தது தவறு. கைக்குழந்தையாக இருந்த உன்னை அப்பா ஏந்திக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று, வேறு சபையில் தொட்டியில் மூழ்கி எழுந்தாய். என் வாசற்படி ஏறாதே என்றேன். இன்றும் என் நியாயம் மாறவில்லை.

ஆனால் குழப்பமாக இருக்கிறது.

போன வாரம் இங்கே எங்கள் லூத்தரன் சபையில் பல நாட்டு லூத்தரன்கள் கூடினார்கள். என் பக்கத்தில் எலியாஸ் என்ற தான்சானியாக்காரர். அவர் தன் பாஷையில் பாடினார், நான் தமிழில், ராகம் ஒன்றுதான். விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது இருவரும் ஒரே இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினோம். என்னை அறியாமல் அவரைத் 'தம்பி' என்று கூப்பிட்டுவிட்டேன். இதே ஊரில் நீலசந்திராவில் இருக்கும் உன்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருடம்!

சாப்பிடும்போது உன் கதையைச் சொன்னேன். எங்கள் சபை ஜோசஃபின் டீச்சர் மொழிபெயர்த்தார். எலியாஸ் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல, டீச்சர் அதைத் தமிழில் சொன்னார்.

"அங்கிள், இவரு தம்பியும் அதே மாதிரி முங்கி எந்திரிச்சவராம். ஆனா ஞாயித்துக்கெழம இவரு வீட்லதான் சாப்பாடாம்."

"சண்டை வராதாமா?"

"வராம? சாப்ட்டு முடிச்சப்புறம்தானாம்."

இவர் என்ன லூத்தரன் என்று கோபம் வந்தது. அவர் செய்வது சரியா தப்பா என்று இன்னும் பிடிபடவில்லை.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை உன் சபை முடிந்ததும் நீ இங்கே வர வேண்டும். உன் அண்ணி குழம்பு வைப்பாள். ஜெபம் நான் செய்வேன்; நீ ஆமென் மட்டும் சொல். வயிறாரச் சாப்பிடு. கை கழுவிய பிறகு சண்டையை நான் தொடங்குவேன்.

உன் அண்ணன்